பயிற்சித்தாள் நிரம்புகிறது, வாசிப்பு ஏன் வரவில்லை?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது நிறையப் போகிறது. காரைக்குடியில் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் யு.கே.ஜி. படிக்கிறான். அவனுடைய அப்பச்சி (அப்பா) மலேசியாவில் வேலை பார்ப்பதால், கானாடுகாத்தானில் நானும் அவனுடைய அப்பத்தாவும்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறோம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சித்தாள்களை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஒரு நாளைக்கு ஐந்தாறு தாள்கள் செய்ய வைக்கிறேன். புள்ளியிட்ட எழுத்துகளின் மேல் அழகாக எழுதுகிறான். படத்தையும் சொல்லையும் கோடு போட்டுச் சரியாக இணைக்கிறான். தமிழ் எழுத்துகளையும் ஆங்கில எழுத்துகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். ஆனால் ‘படம்’ என்று தனியாக எழுதிக் காட்டினால் அவனுக்கு வாசிக்க வரவில்லை. ஆங்கிலத்தில் ‘பேட்’ (bat) என்பதன் முதல் எழுத்தையும் ‘டாக்’ (dog) என்பதன் முதல் எழுத்தையும் அடிக்கடி மாற்றி எழுதுகிறான், இது குறைபாடா? அவன் அப்பத்தா, “நாங்கள் மணலில் எழுதித்தான் படித்தோம், இத்தனை காகிதம் எதற்கு?” என்று கேட்கிறார். எப்படிப்பட்ட தாள்களைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை கொடுப்பது, தமிழை முதலில் கற்பிப்பதா ஆங்கிலத்தையா என்று விளக்க வேண்டுகிறேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் செய்துகொண்டிருப்பவை எல்லாம் நல்ல வேலைகள்தாம்; ஆனால் அவற்றுள் வாசிப்பு என்னும் வேலை இன்னும் தொடங்கவில்லை. புள்ளிகளின் மேல் எழுதுவது கைக்குப் பயிற்சி. வரிசையை ஒப்பிப்பது நினைவுக்குப் பயிற்சி. படத்தோடு சொல்லை இணைப்பது பெரும்பாலும் ஊகத்துக்குப் பயிற்சி. ஓர் எழுத்தைப் பார்த்து அதன் ஒலியை நினைவுகூர்ந்து, அடுத்த எழுத்தின் ஒலியோடு அதைச் சேர்த்து, சேர்ந்து வந்த ஒலி தான் ஏற்கெனவே பேசிப் பழகிய சொல்தான் என்று கண்டுகொள்வதையே வாசிப்பு என்கிறோம். இந்த வேலையைப் பிள்ளையிடம் கேட்கும் தாள்கள் நீங்கள் அச்செடுத்த கட்டில் மிகச் சிலவே இருக்கும் என்று நினைக்கிறேன். கேட்கப்படாத வேலையை அவன் செய்யவில்லை. அதற்காக அவனை நொந்துகொள்ள எதுவும் இல்லை.

ஒரு தாளை அவன் கையில் கொடுக்கும் முன், அதிலுள்ள படங்களை உங்கள் உள்ளங்கையால் மறைத்துவிட்டு, மிச்சமிருப்பதைக் கொண்டு அவன் செய்ய வேண்டிய வேலை என்ன என்று பாருங்கள். ஆசிரியர் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குச் செல்லும்போது நான் வழக்கமாகச் செய்து பார்க்கும் சோதனை இது. தேவகோட்டைப் பக்கம் ஒரு மழலையர் வகுப்பில் மீன், மரம், பணியாரம் என்ற மூன்று சொற்களைப் படங்களோடு இணைக்கும் தாளை ஒரு சிறுமி பிழையில்லாமல் முடித்திருந்தாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டபோது, “குட்டியா இருக்கே, அது மீனு; நீளமா இருக்கே, அது பணியாரம்; மிச்சம் இருந்தது மரம்” என்று ஒவ்வொரு சொல்லையும் விரலால் அளந்து காட்டினாள். அந்தக் குழந்தையின் அறிவுக்கூர்மையைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. தாள் வைத்த புதிரை அவள் விடுவித்துவிட்டாள்; அதற்கு எழுத்தின் பக்கம் போக வேண்டிய தேவையே அவளுக்கு ஏற்படவில்லை. உங்கள் மகனும் அதே வழியில்தான் கோடு போடுகிறான் என்று தோன்றுகிறது. இத்தகைய தாளை வீணாக்க வேண்டியதில்லை. படங்கள் இருக்கும் பக்கத்தை உட்புறமாக மடித்துவிட்டு, சொல்லை மட்டும் காட்டுங்கள். அவன் வாசித்த பிறகு மடிப்பை விரித்து, தான் வாசித்தது சரியா என்று அவனே படத்தைக் கொண்டு பார்த்துக்கொள்ளட்டும். படம் விடை சொல்லும் இடத்தில் இருந்தால் நன்மை. குறிப்பு கொடுக்கும் இடத்தில் இருந்தால் பிள்ளையின் கண் எழுத்தை விட்டுவிடும். படங்களைத் தேர்ந்தெடுக்கும்போதும் கவனம் தேவை. பனிக்கட்டி வீட்டையும் பாய்மரப் படகையும் நம் பிள்ளைகள் பார்த்ததில்லை. ‘வ’ என்பதற்கு வண்டியின் படம் போட்டிருந்தால், அதைப் பார்த்து ‘கார்’ என்று சொல்லும் பிள்ளை சரியாகச் சொல்லியும் தவறாகிவிடுகிறான்.

தாளுக்கு முந்திய வேலை ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் செய்வதில்லை, பல பள்ளிகளிலும் செய்வதில்லை. சொல்லைக் காதால் உடைக்கப் பழகாத பிள்ளைக்குக் கண்ணால் கூட்டி வாசிக்க வராது. பணியாரம் என்று சொல்லிக்கொண்டே கை தட்டினால் ப, ணி, யா, ரம் என்று நான்கு தட்டுகள் வரும்; சீயம் என்றால் இரண்டு; தேன்குழல் என்றால் மூன்று. சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் இதை விளையாட்டாகச் செய்யலாம். அப்பத்தாவுக்கும் இதில் எந்தத் தயக்கமும் இருக்காது. அடுத்து, ‘சீ’யில் தொடங்கும் சொல் சொல் என்று கேட்டு, சீயம், சீடை, சீப்பு என்று அவனைத் தேட விடுங்கள். பிறகு இதற்கு எதிர்த்திசையில் செல்லுங்கள்: நீங்கள் “க… டல்” என்று இடைவெளி விட்டுச் சொல்ல, அவன் ‘கடல்’ என்று கூட்டிச் சொல்ல வேண்டும். இது காதளவில் சரளமாக வந்துவிட்டால் எழுத்தைக் கூட்டுவதில் பாதி வேலை முடிந்துவிடும். ஒரு நுணுக்கத்தை மட்டும் நினைவில் வையுங்கள். ‘படம்’ என்பதில் தட்டு இரண்டு, எழுத்து மூன்று. ‘ம்’ போலப் புள்ளி வைத்த எழுத்து தனியாக ஒரு தட்டு ஆகாமல் தனக்கு முந்திய எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்பதைப் பெரியவர்கள் உணர்ந்து சொல்லிக்கொடுக்காவிட்டால், பிள்ளை அந்த மூன்றாம் எழுத்தில்தான் தடுமாறி நிற்பான்.

‘படம்’ அவனுக்கு வராமைக்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். பானா, டானா என்றோ, இக், இங், இச், இம் என்றோ எழுத்துகளை ஒப்பிக்கப் பழகிய பிள்ளை, அந்தப் பெயர்களையே வரிசையாகச் சொல்லி, ‘ப, ட, இம்’ என்று நிறுத்துகிறான். அந்த மூன்றையும் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் அது ‘படம்’ ஆகாது. ‘ம்’ என்பதற்கு முன்னால் உள்ள இகரத்தை எடுத்துவிட்டு, உதட்டை மூடி மூக்கால் ஒலிக்கச் செய்யுங்கள். ‘ட’ என்பதைத் தனியாகச் சொல்லும்போது அது வன்மையாக ஒலிக்கிறது. ‘படம்’ என்ற சொல்லுக்குள் மென்மையாகிவிடுகிறது. கடல், பகல், சங்கு என்ற மூன்று சொற்களிலும் ககர ஒலி மூன்று விதமாக வருவதை நீங்களே சொல்லிப் பார்க்கலாம். இதற்கு விதி எதையும் இந்த வயதில் கற்பிக்க வேண்டாம். அவன் வன்மையாகவே கூட்டிச் சொன்னாலும், “அப்படி ஒரு சொல் கேட்டிருக்கிறாயா? சுவரில் மாட்டியிருப்போமே…” என்று பொருளின் பக்கம் திருப்பினால் அவனே ‘படம்’ என்று திருத்திக்கொள்வான். பேச்சில் ஏற்கெனவே இருக்கும் சொல் தன் ஒலியைத் தானே சரிசெய்து கொடுக்கும். அதனால்தான் முதல் வாசிப்புச் சொற்கள் அவன் அன்றாடம் பேசும் சொற்களாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

கூட்டி வாசிப்பதற்கு உங்கள் வீட்டு வளவே (உள்முற்றப் பகுதியே) போதும். ப, ட, ம் என்று மூன்று அட்டைகளை அடுத்தடுத்த மூன்று ஆத்தங்குடித் தரைக்கற்களின் மேல் வைத்து, ஒவ்வொரு கல்லிலும் கால் வைக்கும்போது அந்த ஒலியைச் சொல்லச் செய்யுங்கள். முதலில் மெதுவாக நடக்கட்டும், அடுத்த முறை சற்று விரைவாக, மூன்றாம் முறை ஒரே ஓட்டமாக. ஒலிக்கு இடையில் மூச்சை விடாமல் இழுத்துக்கொண்டே போக வேண்டும் என்பதுதான் இந்த விளையாட்டின் ஒரே நிபந்தனை. உட்கார்ந்து தாளைப் பார்க்கும்போது அறுந்து அறுந்து வரும் ஒலிகள், நடையோடு வரும்போது ஒட்டிக்கொள்வதைப் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

எந்த எழுத்தில் தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். தமிழ் எழுத்துகள் 247 என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் வரிசைப்படி அ முதல் ஔ வரை, க முதல் னௌ வரை முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போக வேண்டும் என்றால் பிள்ளை இரண்டாண்டுகளுக்குப் பொருளே இல்லாத ஒலிகளை ஒப்பித்துக்கொண்டிருப்பான். ‘ங’ வரிசையில் அன்றாடச் சொற்களில் வருவது சங்கு, தேங்காய் போன்றவற்றில் உள்ள ‘ங்’ ஒன்றுதான்; ஙா, ஙி, ஙீ என்று பன்னிரண்டு வடிவங்களுக்கும் தாள் அச்செடுப்பது வீண். கோடுகளால் ஆன எளிய வடிவமுள்ள ட, ப, ம, ய ஆகிய நான்கையும் புள்ளியையும் முதலில் எடுத்தால் படம், மடம், பயம், பட்டம் ஆகியவை உடனே கிடைத்துவிடும். ர, க, ல, வ ஆகியவற்றைச் சேர்த்தால் மரம், கல், பல், கடல், பகல், வயல் எல்லாம் வந்துவிடும். அதன்பின் துணைக்காலைச் சேர்த்தால் பால், கால், வால், பாடம், காகம், பாலம், மாமா, பாப்பா என்று பட்டியல் ஒரேயடியாக நீளும். ஒவ்வொரு புதிய எழுத்து வந்ததும், அதுவரை கற்ற எழுத்துகளால் மட்டுமே ஆன சொற்களைக் கொண்ட தாளே அவனுக்கு வேண்டும். அவன் கற்காத ஓர் எழுத்து ஒரு சொல்லில் இருந்தாலும் அந்த இடத்தில் அவன் ஊகிக்கத் தொடங்கிவிடுவான். இணையத்தில் கிடைக்கும் தாள்களில் இந்த ஒழுங்கு இருப்பது அரிது. ஆகவே பாதித் தாள்களை நீங்களே கையால் எழுதிக்கொள்ள நேரும். அதற்குத் தயங்க வேண்டாம். வெள்ளைத் தாளில் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் எட்டுச் சொற்களைப் பெரிதாக எழுதினால் அதைவிடச் சிறந்த வாசிப்புத் தாள் இல்லை.

உங்கள் வட்டாரத்துக்கு வாய்த்த ஒரு வசதியையும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் வழங்கும் உறவுப்பெயர்கள் தொடக்க வாசிப்புக்கென்றே அமைந்தவை போல இருக்கின்றன. ஆயா, ஐயா இரண்டும் இரண்டே எழுத்துகள். தகரம் வந்ததும் ஆத்தா, அப்பத்தா. சகரமும் ‘சி’யும் வந்ததும் ஆச்சி, அப்பச்சி. அவனுக்கு மிகவும் நெருக்கமான அத்தனை பேரையும் சில எழுத்துகளைக் கொண்டு அவன் வாசித்துவிடலாம். சொல்லை ஒரு பக்கமும் அவர்களுடைய புகைப்படத்தை மறுபக்கமும் ஒட்டிய அட்டைகளைச் செய்து, ஓர் ஓலைக் கொட்டானில் போட்டு வையுங்கள். சொல்லை வாசித்த பிறகு திருப்பிப் பார்க்கட்டும். ஊர்ப்பெயரும் அப்படியே. கானாடுகாத்தான் என்று பார்த்தவுடன் நீளமாகத் தோன்றினாலும், அதில் பெரும்பாலும் துணைக்கால் எழுத்துகள்தாம். னகரத்தையும் ‘டு’வையும் மட்டும் நீங்கள் சொல்லிக்கொடுத்தால், முழுப்பெயரையும் அவன் கூட்டிவிட முடியும். மாறாக, ‘கோட்டையூர்’ என்ற பேருந்துப் பலகையைப் பார்த்து அவன் விழித்தால் அதை ஒரு குறையாக எண்ணாதீர்கள். அந்த ஒரே சொல்லில், எழுத்தின் இருபுறமும் வரும் குறியும், இடப்பக்கம் வரும் குறியும், வடிவமே மாறும் ஊகாரமும் சேர்ந்து நிற்கின்றன.

தமிழில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இணைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் எழுதப்படுகின்றன, ஆனால் பின்னால் ஒலிக்கின்றன. இடமிருந்து வலமாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளை ‘தேன்’ என்ற சொல்லில் முதலில் சந்திப்பது ஒலியில்லாத ஒரு கொம்பை. எனவே துணைக்கால், கொக்கி போட்ட இகர ஈகாரங்கள் ஆகியவை நன்றாகப் பழகும் வரை கொம்பு எழுத்துகளுக்குச் செல்ல வேண்டாம். செல்லும்போது கொம்பையும் எழுத்தையும் ஒரே அட்டையில் ஒரே நிறத்தில் எழுதி, இரண்டையும் சேர்த்து ஒரு பார்வையாகப் பார்க்கப் பழக்குங்கள். உகர ஊகாரங்கள் இவை எல்லாவற்றுக்கும் பின்னால் வரட்டும். கு, சு, து, மு என்று வடிவங்கள் பலவாறாக மாறுவதால் அவற்றை ஒரு விதியாகச் சொல்லிக்கொடுக்க இயலாது, சொற்களின் வழியே சிறிது சிறிதாகத்தான் பழக வேண்டும். கன்னடம் போன்று இதே அமைப்புடைய எழுத்துமுறையைக் கொண்ட மொழிகளில் நடந்த ஆய்வுகளும், முழு எழுத்துத் தொகுதியும் பிள்ளையின் கைக்கு வர மூன்று, நான்கு வகுப்புகள் வரை ஆகின்றது என்றே காட்டுகின்றன. 2021-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் நிபுண் பாரத் இயக்கமும், தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டமும், அடிப்படை வாசிப்புக்கு மூன்றாம் வகுப்பு வரையிலான காலத்தையே இலக்காக வைத்துத் தொடங்கின. ஐந்து வயது நிறையாத பிள்ளை பின்தங்கிவிட்டான் என்று நீங்கள் கலங்க வேண்டிய நேரம் இது அன்று.

அப்பத்தா சொல்வதைத் தயவுசெய்து புறந்தள்ளிவிட வேண்டாம். மணலில் விரலால் எழுதும்போது எழுத்தின் போக்கு கை முழுவதற்கும் தெரிகிறது. தவறினால் ஒரு தடவலில் அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். 1939-இல் இந்தியாவுக்கு வந்து அடையாற்றில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரியின் முறையிலும், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவி, அப்போதே அதன் ஒலியையும் சொல்வது முக்கியமான ஒரு படி. நீங்கள் ஒரு தட்டில் ரவையையோ கோலமாவையோ பரப்பிக்கொடுத்தால் போதும். நடுவீட்டுக் கோலம் போடும் நாளில் அவனையும் ஒரு மூலையில் இழைகளை இழுக்க விட்டால், வளைவுகளுக்கு விரல் பழகும். புள்ளியிட்ட எழுத்துத் தாளில் எனக்கு இருக்கும் கவலை வேறு. எங்கே தொடங்கி எந்தப் பக்கம் செல்வது என்பதை அது சொல்வதில்லை. பிள்ளை கீழிருந்து மேலாகவும், துண்டு துண்டாகவும் புள்ளிகளை நிரப்பிவிடுகிறான். தாளைப் பார்த்தால் எழுத்து அழகாக இருக்கும், கையின் போக்கு தவறாகப் பதிந்திருக்கும். ஆகவே தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் பொட்டு வைத்து, அம்புக்குறி போட்டுக் கொடுங்கள். அவன் எழுதும்போது அருகில் இருந்து, எழுதிய பக்கத்தைவிட எழுதும் விரலைப் பாருங்கள். எழுதும்போதே ஒலியை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். ஒரு தாளில் ஓர் எழுத்து நான்கு முறை போதும்.

அப்பத்தா ஊர்ப்பெயரை எழுதிக் காட்டும்போது ‘னா’ பழைய சுழித்த வடிவில் வரக்கூடும். தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் பள்ளிக்குச் சென்றவர்களுக்கு ணா, றா, னா, லை, னை போன்ற எழுத்துகள் அந்த வடிவிலேயே கைக்கு வருகின்றன. வாசிப்பு நிலைபெறும் வரை புதிய வடிவத்தை மட்டுமே பிள்ளை பார்க்கட்டும். எழுதிக்கொடுக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்று, கதை சொல்வதையும் கைதட்டல் விளையாட்டையும் அவரிடம் விட்டுவிடுங்கள். பரணில் இருந்து எடுக்கும் பித்தளைப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும் அல்லவா, அவற்றை இன்னும் ஓராண்டு கழித்து அவனிடம் காட்டினால், பழைய எழுத்தையும் அப்பத்தாவிடமே கேட்டு மகிழ்ச்சியாகக் கற்றுக்கொள்வான்.

அச்செடுப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோப்பை பி.டி.எஃப். வடிவில் கொண்டுசெல்லுங்கள்; வேறு வடிவில் கொண்டுசென்றால், கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது தமிழ் எழுத்துகள் உடைந்து கொம்பு ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாக அச்சாகிவிடும். அலங்கார எழுத்துருக்களைத் தவிர்த்து, பாடநூலில் உள்ளது போன்ற தெளிவான எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். சொற்கள் குறைந்தது 36 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவிலும், ஒரு பக்கத்துக்கு எட்டுக்கு மேற்படாமலும் இருக்கட்டும். கறுப்பு வெள்ளையே போதும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தாள்களைக் கண்ணாடி உறையில் போட்டு, வெள்ளைப்பலகைப் பேனாவால் எழுதித் துடைத்துக்கொண்டால் செலவும் குறையும்.

தமிழா ஆங்கிலமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளை பேசும் மொழியில் வாசிப்பு முதலில் ஊன்ற வேண்டும் என்பதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. கூட்டிய ஒலி ஒரு சொல்லாக மாறும் அந்தக் கணத்தை அவன் தமிழில்தான் உணர முடியும், ஏனென்றால் அவனுடைய சொற்கள் எல்லாம் தமிழில்தான் இருக்கின்றன. அந்த உத்தி ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால், மறு மொழிக்கும் அது உதவும். பள்ளியில் ஆங்கிலம் நடப்பதால் அதை அடியோடு நிறுத்த இயலாது என்பதை அறிவேன். ஆகவே ஒரே அமர்வில் இரண்டையும் கலக்காமல், தமிழுக்கு மாலையும் ஆங்கிலத்துக்கு வேறொரு நேரமும் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலும் ஏ முதல் இசட் வரையான பெயர்வரிசையை விட்டுவிட்டு ஒலியைப் பிடியுங்கள்: எஸ் (s), ஏ (a), டி (t), பி (p), ஐ (i), என் (n) என்ற ஆறு எழுத்துகளின் ஒலிகள் தெரிந்தால் பின், டின், பேன், டேப் போன்ற சிறு சொற்களை அவன் கூட்ட முடியும். சிறிய எழுத்துகளே முதலில் வேண்டும், புத்தகத்தில் பெரும்பாலும் வருபவை அவைதாம். தமிழ் எழுத்தில் அகரம் உள்ளேயே இருக்கிறது, அதனால் நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தையும் ‘ப, இ, ன’ என்று அகரத்தோடு கூட்டுவார்கள். ஆங்கில மெய்யெழுத்துகள் எல்லாம் புள்ளி வைத்தவை என்று அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். தமிழில் புள்ளியைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அது உடனே விளங்கும்.

அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளை மாற்றி எழுதுவது இந்த வயதில் குறைபாடு ஆகாது. ஒரு கோப்பையின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அது கோப்பைதான் என்று உலகத்தைப் பழகிய கண், எழுத்தில் மட்டும் பக்கம் மாறினால் பொருளே மாறிவிடும் என்பதை ஏற்றுக்கொள்ளச் சிறிது காலம் கேட்கிறது. ஏழு வயது வரை பல பிள்ளைகளிடம் இதைக் காணலாம். இரண்டையும் ஒரே தாளில் அருகருகே வைத்து ஒப்பிடச் சொல்லாதீர்கள். ஒன்று முழுமையாகப் பதிந்து சில வாரங்கள் ஆன பிறகு மற்றதைத் தொடுங்கள். இடக்கையால் எழுதும் பழக்கம் இருந்தால் அதை மாற்ற முயல வேண்டாம். நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியவை வேறு சில உண்டு. பின்னால் இருந்து மெதுவாக அழைத்தால் திரும்பாமல் இருப்பது, காதில் அடிக்கடி சீழ் வடிவது, தாளை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோவது, அவன் பேச்சு வெளியாருக்குப் புரியாமல் இருப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டால், தாள்களை ஒதுக்கிவைத்துவிட்டுக் காது, கண் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.

எத்தனை தாள் என்பதற்கு என் விடை, நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதிலும் பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து நிமிடம்; வாரத்தில் ஐந்து நாள். ஐந்தாறு தாள்களைச் செய்யும் பிள்ளைக்கு மூன்றாம் தாளிலிருந்து ‘முடிக்க வேண்டும்’ என்ற ஒன்றே மனத்தில் இருக்கும். ஒரே தாளைத் திங்கட்கிழமை நீங்கள் சுட்டிக்காட்ட அவன் வாசிக்கலாம், செவ்வாயன்று சொற்களைக் கத்தரித்து அட்டைகளாக்கலாம், புதனன்று அவற்றைக் கலைத்து மீண்டும் வாசிக்கலாம், மறுநாள் நீங்கள் சொல்லும் சொல்லை அவன் தேடி எடுக்கலாம். இன்னும் கொஞ்சம் விளையாட வேண்டும் என்று அவன் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். மிச்சமாகும் நேரத்தில் ஒரு கதைப்புத்தகத்தை மடியில் வைத்து, வரியின் கீழே விரலை ஓட்டியபடி வாசித்துக் காட்டுங்கள்; கிளை நூலகத்தில் அவனையே புத்தகம் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இதை வாசிப்புப் பயிற்சியின் பகுதியாகவே கருதுகிறேன், ஓய்வு நேரப் பொழுதுபோக்காகக் கருதவில்லை. சொல்வளம் இல்லாத பிள்ளை கூட்டிய ஒலியை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பான்?

பள்ளியில் பக்கம் பக்கமாக எழுத்துவேலை கொடுத்தால், வகுப்பாசிரியரைத் தனியாகச் சந்தித்து, வீட்டில் ஒலியும் வாசிப்பும் பழக்குகிறோம், அதனால் எழுத்துவேலையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள இசைவு வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். வகுப்பில் இத்தனை பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கும் ஆசிரியருக்கு, ஒரு பிள்ளையை வீட்டில் முறையாக வாசிக்கப் பழக்குகிறார்கள் என்பது உதவியான செய்திதான். பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள்.

அவனுடைய அப்பச்சிக்கும் இதில் ஒரு பங்கு கொடுங்கள். வாரம் ஒருமுறை, அதுவரை கற்ற எழுத்துகளின் பட்டியலை அவருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் அந்த எழுத்துகளால் மட்டுமே ஆன இரண்டு, மூன்று சொற்களைக் கையால் பெரிதாக எழுதிப் புகைப்படமாக அனுப்பட்டும். ‘படம் பார்’ என்று எழுதி, அடுத்த செய்தியில் ஒரு படத்தை அனுப்பலாம். துறைமுகத்தில் இருந்து ‘கப்பல் பார்’ என்று எழுதலாம். சொல்லை வாசித்த பிறகே இரண்டாவது செய்தியைத் திறக்க வேண்டும் என்பதையும், பட்டியலில் இல்லாத எழுத்து ஒன்றுகூட வரக்கூடாது என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.